படத்தில் இருந்த பாறை

ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் உமேஷிடம் குக்கர் வாங்கப் போனவர்கள் கேமரா பாடமும் கேட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள் என்று ஒரு கேலி உண்டு. கேலிதான், ஆனால் பொய்யில்லை. அப்பா காலத்துப் பாத்திரக்கடை அது. கல்லாவுக்குக் கீழே சில்லறை இருக்க வேண்டிய இழுப்பறையில் லென்ஸ்கள் படுத்திருக்கும், ஒவ்வொன்றும் மஞ்சள் துணியில் சுற்றி. மனைவி ரோஜா ஒருநாள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுங்களுக்கு ஒரு தொட்டிலும் கட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவனைப் போலப் பைத்தியம் பிடித்தவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருந்தார்கள். பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவர்கள், பென்ஷன்காரர்கள், ஒரு பல் டாக்டர், ஒரு சர்ச் பியானோக்காரர். எல்லாரும் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பெயர் முக்காலி. கேமராவை நிறுத்தி வைக்கிற முக்காலிதான். மற்ற குழுக்களில் குட்மார்னிங் வருகிற நேரத்தில் இதில் சூரியோதயம் வரும். பின்னாலேயே என்ன லென்ஸ், எத்தனை நொடி திறந்து வைத்தாய், ஓரத்து நட்சத்திரமெல்லாம் ஏன் வாலாட்டுகிறது என்று சண்டையும் வரும்.

அந்தக் குழுவுக்கு நாட்டாமை சிவகுமார் சார். ரிட்டயரான கணக்கு வாத்தியார். அவருக்கு ஒரே கொள்கை. படத்தில் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இருந்ததை எடுக்கக் கூடாது, இல்லாததை வைக்கக் கூடாது. மீறினவர்களை அவர் திட்டமாட்டார். "இது போட்டோ இல்லப்பா, கல்யாணப் பத்திரிகை" என்று ஒரு வரி போடுவார், அவ்வளவுதான். வாங்கிக் கட்டிக்கொண்ட ஆள் ஒரு மாதத்துக்குத் தலைகாட்டமாட்டான். உமேஷும் ஒருமுறை வாங்கியிருக்கிறான். கடையில் உட்கார்ந்திருந்தவனுக்குக் காது வரை சுட்டது.

அப்படிப்பட்ட சிவகுமார் சார் ஆவணி அமாவாசைக்கு உமேஷ் போட்ட படத்தைப் பார்த்து, "இதுதாண்டா படம்" என்று எழுதினார்.

மூடிப்போன தங்கச் சுரங்கமான மைசூர் மைன்ஸுக்கும் அந்தப் பக்கம், முள்ளுக்காட்டுக்குள் ஒரு பழைய சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் நிற்கிறது. கூண்டில் ஆட்களை இறக்கி ஏற்றின காலத்துக் கோபுரம். அதன் தலைக்கு நேர் மேலே, வானத்தைக் கிழித்து மாவு கொட்டினாற்போல் பால்வீதி. கோபுரத்துக்கு முன்னால் சுத்தமான புல்வெளி. புல்வெளியின் நடுவில் உட்காருவதற்கென்றே போட்டாற்போல் ஒரு தட்டைப் பாறை. பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். சிவகுமார் சார் மட்டும், பழக்கதோஷம், "எதையாச்சும் தொட்டியாப்பா?" என்று கேட்டார். "இல்ல சார், வெளிச்சம் மட்டும்தான்" என்று உமேஷ் எழுதினான்.

அது பச்சைப் பொய். அந்த இடத்தில் புல்லும் இல்லை, பாறையும் இல்லை. இருந்தது ஒரு குழி.

சுரங்கத்துக்குள் கிணறு மாதிரி நேராக இறங்குகிற பழைய ஷாஃப்ட்டின் வாய் அது. யாரோ எந்தக் காலத்திலோ மேலே சிமெண்டுப் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். பலகை பாதி உடைந்து உள்ளே போய்விட்டது. சுற்றி அடித்திருந்த வேலியில் இரும்பாக இருந்ததையெல்லாம் காயலான் கடைக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இரண்டு சிமெண்டுக் கம்பங்கள், அதிலும் ஒன்று குடிகாரன் மாதிரி சாய்ந்து. உமேஷ் அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய், குழிக்கு இந்தப் பக்கம் முக்காலியைப் போட்டு, இடத்தை விட்டு அசையாமல் எடுத்துவிட்டுத் திரும்பினான். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் பிரமாதம். ஆனால் நட்ட நடுவில் மை கொட்டின மாதிரி அந்தக் கறுப்பு, பக்கத்தில் இரண்டு கம்பங்கள். மனசு கேட்கவில்லை. வேண்டாததை விரலால் தேய்த்தால் அந்த இடத்தைத் தானே நிரப்பிக் கொடுக்கிற வசதி இப்போது எல்லா ஃபோனிலும் வந்துவிட்டதே, தேய்த்தான். கம்பங்கள் போயின. குழி போயிற்று, புல் முளைத்தது. கேட்காமலே கொசுறாக ஒரு பாறையையும் போட்டுக் கொடுத்தது அந்த எந்திரம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. உமேஷ் முழுக் குழியைப் புல்லில் மறைத்தான். யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அப்போது நினைத்தான். பெங்களூரில் ஏகப்பட்ட பேர் பார்க்கிற ஒரு இணையப் பக்கத்தில் அந்தப் படத்தை எடுத்துப் போட்டார்கள், இடத்தின் பெயரோடு. கடைக்கு வருகிறவர்கள் கைகுலுக்கினார்கள். அம்மா சௌந்தரம்கூட, கேமரா என்றாலே முகம் சுளிக்கிறவள், பக்கத்து ஜவுளிக்கடைக்காரரிடம் ஃபோனை நீட்டிக் காட்டினாள்.

கஷ்டகாலம் மனோகர் ரூபத்தில் வந்தது.

மனோகரும் உமேஷும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மனோகரின் அப்பா, தாத்தா எல்லாம் சுரங்கத்தில் இறங்கினவர்கள். அவன் பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு ரயிலில் போய் வருகிறவன், ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவும் கையுமாக உமேஷோடு சுற்றுகிறவன். மகாளய அமாவாசைக்கு முந்தின வாரம் அவன் குழுவில் எழுதினான்.

"அந்தப் பாறை கிட்ட போயி ஒரு ஆளு நின்னுகினு, டார்ச்ச நேரா மேல அடிச்சா எப்டி இருக்கும்? ஆளு இத்துனூண்டு, வானம் அம்மாம் பெருசு. நானே டைமர் போட்டுட்டு ஓடிப் போயி நின்னுக்கறேன். உமேஷு, அங்க தரை எப்டிடா?"

ஆளாளுக்குக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். சூப்பர், செம என்று மழை. உமேஷ் கல்லாவில் உட்கார்ந்தபடி அதைப் படித்தான். வானத்தைப் படம் பிடிக்கிறவர்கள் அந்த மாதிரி ஓடும்போது டார்ச் அடிக்கமாட்டார்கள். கேமரா திறந்திருக்கும், தரையில் வெளிச்சம் பட்டால் படம் கெட்டுவிடும். இருட்டிலேயே தட்டுத் தடவிப் போய் நின்ற பிறகுதான் டார்ச்சைத் தலைக்கு மேல் தூக்குவார்கள்.

உண்மையை எழுத விரல் போயிற்று. 'டேய், அங்க குழி இருக்கு' என்று எழுதினான். சிவகுமார் சாரின் அந்த ஒரு வரி கண் முன்னால் வந்தது. பெங்களூர் இணையப் பக்கம் வந்தது, கைகுலுக்கினவர்கள் வந்தார்கள். எழுதினதை அழித்தான். "தரை ஓகே. நானும் வர்றேன், சேர்ந்து போலாம்" என்று அனுப்பினான். அங்கே போனதும், இங்கே நின்றால் நன்றாக வராது என்று சொல்லி வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டால் தீர்ந்தது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம் மனோகர் ரயிலை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தான்.

"குட்றா கண்ணாடிய."

உமேஷின் அகல லென்ஸைத்தான் கேட்டான். அவனிடம் அத்தனை அகலமானது இல்லை. உமேஷ் மஞ்சள் துணியைப் பிரித்து லென்ஸை எடுத்தான்.

"இதுல ஃபோகஸ் வளையத்துக் கடைசில ஒரு கோடு போட்டிருக்கு பாரு, அதை நம்பாத. அதுக்கு ஒரு நூலு முன்னாடி வச்சாத்தான் நட்சத்திரம் புள்ளியா வரும்."

"அப்ப கோடு இன்னாத்துக்கு?"

"சும்மா அழகுக்கு."

மனோகர் சிரித்தான். லென்ஸைக் கண்ணில் வைத்து, தொங்கிக்கொண்டிருந்த எவர்சில்வர் வாளிகளைப் பார்த்தான். "சிவகுமார் சாரு சொல்றாரு, அகல லென்ஸு பெரிய பொய்க்காரனாம். கிட்ட கீறத எட்டத்துல காட்டுமாம். நெசமா?"

"ஆமா. ரெண்டு எட்டுல இருக்கறது இருபது எட்டுல இருக்கற மாதிரி தெரியும்."

"அப்ப அந்தப் பாறை கூட நான் நெனைக்கறத விட கிட்டத்துலதான் கீதா?"

உமேஷ் வாயைத் திறந்தான். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. கடையில் யாருமில்லை, குழுவும் பார்க்கவில்லை, இவன் யாரிடமும் சொல்லாதே என்றால் சொல்லமாட்டான். "மனோ, அந்தப் பாறை..." என்று ஆரம்பித்தான். அதற்குள் கங்கம்மா படியேறி வந்துவிட்டாள். பூதிகோட்டைக்காரி. பெண் வீட்டுச் சீருக்கு இட்லிப் பானை வேண்டும், ஆனால் மூடி கனமாக இருக்க வேண்டும், விலை கனமாக இருக்கக் கூடாது. அவளுக்கு நாலு பானையை இறக்கி ஏற்றிவிட்டு உமேஷ் திரும்பினபோது மனோகர் லென்ஸைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு படியில் நின்றான்.

"அந்தப் பாறைக்கு இன்னாடா?"

"ஒண்ணுமில்ல. நான் வராம நீ போவாத."

"நீ இல்லாம எனக்கு இன்னாடா தெரியும் அந்தக் காட்டுல?"

அவன் போய்விட்டான். சொல்லத் தெரியாதவன் அல்ல உமேஷ். சொல்லப் பயந்தவன். பயத்துக்கு அன்றைக்குக் கங்கம்மாவின் இட்லிப் பானை ஒரு சாக்கு.

மறுநாள் மத்தியானத்திலிருந்தே மழை. வாசலில் நின்று அதைப் பார்க்கப் பார்க்க உமேஷுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வானமே இல்லாதபோது படம் ஏது, படம் இல்லாதபோது குழி ஏது? சாமியே பார்த்துப் பெய்த மழை என்று நினைத்தான். அப்பாவுக்குப் படையல் போடுவது அவர்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகுதான். வடை, பாயசம், அப்பாவுக்குப் பிடித்த கருணைக்கிழங்கு மசியல் எல்லாம் வைத்து, புதுவேட்டியைப் படத்தின் கீழே வைத்து, அம்மா அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். ஃபோன் படுக்கையறையில் சார்ஜில் கிடந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டான். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

எச்சில் இலையைப் போடப் பின்பக்கம் போனவன் அண்ணாந்து பார்த்தான். மழை எப்போதோ நின்றிருந்தது. மேகம் ஒரு துணுக்குக்கூட இல்லை. மழை கழுவிவிட்ட வானத்தில் நட்சத்திரம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. உமேஷின் கையிலிருந்த இலை அங்கேயே விழுந்தது.

ஓடிப்போய் ஃபோனை எடுத்தான். மனோகர் கூப்பிட்டிருக்கிறான், திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறான். கடைசியில் பேசி அனுப்பியிருக்கிறான். குரலில் உற்சாகம் துள்ளியது. "டேய், வெளிய வந்து வானத்த பாருடா! இந்த மாதிரி எப்பவாச்சும் ஒரு வாட்டிதான் கெடைக்கும். நீ எடுக்கவே மாட்டன்ற. பால்வீதி சாஞ்சிடும், நான் முன்ன போறேன், நீ பின்னால வா. உன் படம் ஃபோன்ல கீது, அத்த பாத்துகினே இடம் புட்சிக்கறேன்."

உன் படத்தைப் பார்த்துக்கொண்டே.

கூப்பிட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிட்டான், மறுபடி அதே பெண் அதே பல்லவி. சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. மனோகரின் மனைவி மமதா.

"அண்ணா, அவரு உங்க கூடத்தான கீறாரு? ஃபோனே போவல. அமாவாசை அன்னிக்கி அந்தக் காட்டுக்கெல்லாம் இன்னாத்துக்குன்னு சண்ட போட்டேன். உமேஷு வர்றான்னு சொன்னாரு. நீங்க கீறீங்கன்ற தைரியத்துலதான் வுட்டேன்."

"ஆமாம்மா," என்றான். "கூடத்தான் இருக்கான். அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது. நீ கவலைப்படாத."

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பார்கள். அதில் இது எத்தனையாவது என்று எண்ணக்கூட அவனுக்கு நேரமில்லை. எங்கே போறீங்க என்று ரோஜா கேட்டதும் காதில் விழவில்லை, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு கிளம்பினான்.

பெரிய பாதையில் போனால் சுற்று. பம்ப் ஹவுஸ் பக்கம் இருந்த ஒற்றையடிப் பாதையில் ஸ்கூட்டரை விட்டான். சேற்றில் சக்கரம் வழுக்கியது, முள் கையைக் கிழித்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. மனசுக்குள் ஒரே படம்தான் ஓடியது. மனோகர் டைமரை அழுத்துகிறான். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் ஓடுவானே, அதே மாதிரி முழங்கையை ஆட்டிக்கொண்டு இருட்டில் ஓடுகிறான். பாறையைத் தேடி ஓடுகிறான். அதற்கு மேல் நினைக்க உமேஷுக்குத் தெம்பில்லை. 'முருகா, அவன் ஃபோகஸ் பண்ணத் தெரியாமல் திணறிக்கொண்டு இருக்கட்டும், கோடு எங்கே நூல் எங்கே என்று மறந்து போயிருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டான். இப்படி ஒரு வேண்டுதலை முருகன் கேட்டிருக்கவே மாட்டார்.

பாதை முடிந்த இடத்தில் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினான். கோபுரம் கறுப்பாக எழுந்து நின்றது. அதன் முன்னால், கொஞ்ச தூரத்தில், தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி மினுக்கி அணைந்தது. கேமராதான். ஒரு படம் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது. கிட்டே போனதும் அந்த 'டக்' சத்தமும் கேட்டது. முக்காலி நின்றது, கேமரா நின்றது, அதன் மூக்கில் அவனுடைய லென்ஸ் நின்றது. மனோகர் இல்லை.

"மனோ!"

தவளைச் சத்தம் நின்றது. வேறு பதில் இல்லை.

"டேய் மனோகரு!"

கேமரா மட்டும் தன்பாட்டுக்கு 'டக்' என்றது. யாருக்காகப் படம் எடுக்கிறோம் என்று அதற்குத் தெரியுமா? முன்னால் ஓடியிருக்கிறான். ஓடிப்போய் விழுந்திருக்கிறான். குழியின் ஓரத்தில் தொத்திக்கொண்டாவது இருக்கமாட்டானா? குப்புறப் படுத்து உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும், குரல் கொடுக்க வேண்டும். உமேஷ் ஃபோன் விளக்கோடு முன்னால் நடந்தான்.

அப்போது அவன் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கேமரா ஓடுகிறதே, வெளிச்சம் பட்டால் படம் கெடுமே என்று அவன் கை தானாகப் போய் ஃபோன் விளக்கைப் பொத்திக்கொண்டது. எத்தனையோ அமாவாசைகளின் பழக்கம். சிநேகிதன் செத்தானா பிழைத்தானா என்று தேடிப் போகிறவன், அவன் படம் கெட்டுவிடக் கூடாது என்று விளக்கைப் பொத்திக்கொண்டு போனான். விரல் சந்தில் கசிந்த சிவந்த வெளிச்சத்தில் தன் கால் கட்டைவிரல்கூட அவனுக்குத் தெரியவில்லை.

குழி எங்கே இருந்தது? மனசுக்குள் படத்தைக் கொண்டுவந்தான். கோபுரத்தின் இடது காலுக்கு நேராகப் பாறை. பாறைக்கு இந்தப் பக்கம் புல். முதலில் பாறையைப் பிடித்துவிட்டால் போதும், அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பாறையைத் தேடினான். ஈரப்புல் காலில் வழுக்கியது. இன்னும் நாலடி வைத்தான். பாறை வரவில்லை. நல்ல பெரிய பாறையாயிற்றே, இவ்வளவு இருட்டிலும் திட்டாகத் தெரிய வேண்டுமே. இன்னும் ஒரு அடி. தரை கொஞ்சம் சரிந்த மாதிரி இருந்தது. பாறையை இன்னும் காணோமே என்று காலைத் தூக்கினான்.

"அசையாத!"

பின்னாலிருந்து வந்த கத்தலில் காடே அதிர்ந்தது. "உமேஷு, கால வெக்காதடா! அப்டியே நில்லு!"

பளீரென்று தலைவிளக்கு ஒன்று அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தது. தூக்கின காலுக்குக் கீழே புல் இல்லை, மண் இல்லை, ஒன்றுமே இல்லை. ஊன்றிய காலடியில் மண் கொஞ்சம் பிய்ந்து போயிற்று. கல்லும் மண்ணும் உள்ளே போன சத்தம் கேட்கும் என்று காத்திருந்தான். கேட்கவில்லை. அவன் மூச்சை விட்டு, இன்னொரு மூச்சை இழுத்த பிறகு, எங்கோ அடியில் தண்ணீரில் விழுந்த சத்தம் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. என்ன பாறை? எங்கே இருந்தது பாறை? தினமும் அந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்து, தேய்த்து அழித்த குழியை அவனே மறந்து, இல்லாத பாறையை நம்பி நடந்து வந்திருக்கிறான்.

மனோகர் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று முக்காலி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தான். கீழே தள்ளினான். அடித்தான். ஒரே அடி, காது பொறிபறந்தது. பிறகு அவனே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ... நீ எங்கடா போன?" என்றான் உமேஷ். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

"மெயின் ரோட்டுக்கு. கேமராவ ஓட வுட்டுட்டு சிக்னலு தேடி. உனக்கு ஃபோன் பண்ணி உங்கொப்பன் தாத்தன எல்லாம் திட்டலாம்னு." மனோகருக்கு மூச்சு வாங்கியது. "வந்து சேர்றதுக்குள்ள இருட்டிடுச்சி. ஃபிரேம் பாக்கறதுக்கு ஒரு டெஸ்டு ஷாட் அட்ச்சேன். ஐஎஸ்ஓவ எகிற வுட்டா எல்லாம் பகலு மாதிரி தெரியுதுல்ல? புல்லு தெரியுது, முள்ளு தெரியுது, ரெண்டு கம்பம் தெரியுது. நடுவுல மட்டும் கறுப்பா கீது. உன் படத்துல பாறை கீற எடம். எவ்ளோ ஏத்தினாலும் அந்தக் கறுப்பு வெளுக்கவே இல்ல. ஒரு கல்ல எட்த்துப் போட்டேன்."

அவன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"ஷாஃப்ட்டுல எறங்கி எறங்கி எங்கப்பனுக்கு நெஞ்சு போச்சி. நான் எறங்கக் கூடாதுன்னுதான் என்ன படிக்க வெச்சாரு. என்ன நீ எறக்கப் பாத்தியேடா."

"பயந்துட்டேன்," என்றான் உமேஷ். "சிவகுமார் சாரு என்ன சொல்வாரோன்னு."

மனோகர் அவனையே பார்த்தான். அந்தப் பார்வைக்கு முன்னால் அந்த அடி ஒன்றுமே இல்லை.

"மமதா ஃபோன் பண்ணாளா?"

"பண்ணா. நீ என் கூட இருக்கறன்னு சொல்லிட்டேன்."

மனோகர் எழுந்தான். கேமராவைக் கழற்றினான். லென்ஸைத் தனியாக எடுத்து உமேஷின் மடியில் வைத்துவிட்டு, தலைவிளக்கு வெளிச்சத்தில் பெரிய பாதையைப் பார்த்துப் போய்விட்டான்.

விடிவதற்கு முன்னால் உமேஷ் குழியோடு இருந்த அசல் படத்தைக் குழுவில் போட்டான். "இதுதான் நெசம். நான் அழிச்சுட்டேன். அங்க பாறை கிடையாது, யாரும் போகாதீங்க" என்று எழுதினான். எந்த வரிக்குப் பயந்து இத்தனையும் செய்தானோ, அந்த வரியைச் சிவகுமார் சார் எழுதவில்லை. ஒன்றுமே எழுதவில்லை. குழுவின் முகப்பில் வைத்திருந்த, உமேஷ் எடுத்த அந்தக் கோபுரப் படத்தை மட்டும் எடுத்துவிட்டார். அன்று மத்தியானம் மனோகரிடமிருந்து ஒரு படம் வந்தது, பேச்சில்லாமல். கோபுரம், பால்வீதி, தரையில் முக்காலிக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி மங்கலாக வளைந்து போகிற ஒரு சிவப்புக் கோடு. விரல் சந்தில் கசிந்த அந்த வெளிச்சம்தான். கறுப்பின் விளிம்பு வரைக்கும் போய் அங்கே நின்றுவிட்டிருந்தது. அதன் பிறகு மனோகர் முக்காலிக் குழுவில் இல்லை.

பெங்களூர் இணையப் பக்கத்துக்காரர்களிடம் படத்தை எடுத்துவிடச் சொல்லி உமேஷ் கெஞ்சினான், அவர்களும் எடுத்துவிட்டார்கள். என்ன பயன்? அதற்குள் அதை எடுத்து யார் யாரோ போட்டிருந்தார்கள். 'யாருக்கும் தெரியாத இடம்' என்று தலைப்பு, கீழே எப்படிப் போவது என்று வழி. ஒன்றை எடுக்கச் சொன்னால் இன்னொன்று முளைத்தது. ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்தான், பார்க்கலாம் என்றார்கள். தானே முள் வெட்டிப் போட்டுக் கயிறு கட்டினான். முள் விறகுக்குப் போயிற்று, கயிறு மாட்டுக்குப் போயிற்று. ராத்திரியில் ரோஜா எழுப்பினால்கூட, யாரோ விழுந்துவிட்டார்கள் என்று சொல்லத்தான் எழுப்புகிறாளோ என்று பதறி எழுந்தான். வாட்ஸப் 'டிங்' என்றால் பார்க்காமல் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.

தீபாவளி முடிந்த அமாவாசையன்று விளக்கு வைக்கும் முன்பே கடையைச் சாத்திவிட்டு, கரண்டு போனால் ஏற்றுகிற பெரிய எமர்ஜென்சி விளக்கைத் தூக்கிக்கொண்டு அங்கே போனான். குழிக்கு முன்னால் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தான். இருட்டினதும் விளக்கைப் போட்டான்.

நினைத்தது சரிதான். பெரிய பாதையில் பைக்குகள் வந்து நின்றன. சிரிப்புச் சத்தம், முக்காலிகள் விரிகிற சத்தம். கொஞ்ச நேரத்தில், விளக்கை அணைக்கச் சொல்லிக் கன்னடத்தில் ஒரு குரல் வந்தது.

"அண்ணா! லைட் ஆஃப் மாடி அண்ணா, ப்ளீஸ்!"

உமேஷ் அசையவில்லை.

"அண்ணா, தமிழா? நாங்க பெங்களூர்லருந்து வந்திருக்கோம். லைட்டு இருந்தா ஸ்கை எல்லாம் வாஷவுட் ஆயிடும். ஃபைவ் மினிட்ஸ் மட்டும் ஆஃப் பண்ணுங்கண்ணா!"

பக்கத்தில் ஒருவன் பீடி பற்ற வைத்ததற்காக அவனோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவன் உமேஷ். வெளிச்சத்தால் ஒரு வானம் எப்படிக் கெடும் என்று அவனுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? "முடியாது. இங்க குழி இருக்கு, வராதீங்க!" என்று கத்தினான். யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். யாரோ, பைத்தியம் போல, விடு மச்சி என்றார்கள்.

அதற்குள் ஒருத்தன் மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னால் வந்துகொண்டிருந்தான். கையில் ஃபோன், கண் முழுக்க ஃபோனில். அந்தத் திரையில் என்ன படம் இருக்கிறது என்று உமேஷுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"அண்ணா, ஒரு நிமிஷம்," என்றான் அவன், தலையைத் தூக்காமலே நடந்தபடி. "இங்க ஒரு பாறை இருக்குமே, அது எந்தப் பக்கம்?"

உமேஷ் எழுந்து நின்றான். இரண்டு கையாலும் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கி, குமிழைக் கடைசி வரைக்கும் திருகி, வெளிச்சத்தைக் கூட்டினான்.